தாத்தா பாட்டியோடு மிதவைப் படகில் போகலாமா?

படகும் நீரும்: வாசகர் கேள்விகள்

(பதில் தருபவர் கொச்சியில் அலுமினியப் படகும் ஃபைபர் படகும் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். இப்போது கிருஷ்ணகிரியில் அவுட்போர்டு என்ஜின் பழுது பார்க்கிறார்.)

கேள்வி: மகள் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறாள். ஜூலையில் நானும் என் கணவரும் சம்பந்தி வீட்டாரோடு அங்கே போகிறோம். ஏரியில் ஒரு நாள் முழுக்க 'பான்டூன்' படகை வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம் என்கிறார் மாப்பிள்ளை. அவரே ஓட்டுவாராம். பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்துப் பதினொரு பேர். சம்பந்திக்கு முட்டி வலி. எனக்கு நீச்சல் தெரியாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறவே பயந்து கரையில் உட்கார்ந்துவிட்டவள். போகலாமா?
*ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்*

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. முட்டி வலிக்காரர், சிறு பிள்ளைகள், நீச்சல் தெரியாதவர் எல்லாரும் சேர்ந்து போவதற்கு இதைவிடத் தோதான படகு கிடைப்பது அரிது. ஆனால் ஏறுவதற்கு முன்பே மாப்பிள்ளையிடம் பேசி முடிக்கவேண்டிய சங்கதிகள் சில உண்டு. அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

கோயில் தெப்பத் திருவிழாவில் காலிப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பி, சுவாமியை எழுந்தருளச் செய்வார்களே, ஏறக்குறைய அதே அமைப்புதான் பான்டூன். நீங்கள் போகும் மாநிலத்தோடு இதற்கு நெருங்கிய உறவும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் மினசோட்டாவின் ரிச்மண்ட் என்ற சிற்றூரில் ஆம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை நீளவாக்கில் பற்றவைத்து இரண்டு வரிசையாக்கி, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். இன்று பீப்பாய் இருந்த இடத்தில் இரு முனையும் அடைத்த நீண்ட அலுமினியக் குழாய்கள் இருக்கின்றன. நல்ல தயாரிப்பில் குழாயின் உள்ளே தடுப்பு வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். சில படகுகளில் மூன்று குழாய்கள் இருக்கும். உங்களுக்கு அதுவே கிடைத்தால் இன்னும் நல்லது.

தம்பி மகன் வீட்டுக்கு விஸ்கான்சின் போயிருந்தபோது இந்தப் படகில் நானும் போயிருக்கிறேன். முதலில் என் கண்ணில் பட்டது அதன் வாசல். துறையின் பலகையும் படகின் தளமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். சிறிய கதவைத் திறந்து, திண்ணையிலிருந்து கூடத்துக்குள் நுழைகிறாற்போல் உள்ளே போய்விடலாம். குனிந்து இறங்க வேண்டாம், காலைத் தூக்கி விளிம்பைத் தாண்ட வேண்டாம். சுற்றிலும் இடுப்பளவு தடுப்பு, சோபா உயரத்தில் இருக்கை, தலைக்கு மேல் துணிக் கூரை. உங்கள் சம்பந்தி காலை நீட்டி உட்காரலாம், எழுந்து நாலடி நடந்து வரலாம். இரண்டு குழாய்களும் அகலமாக விலகி நிற்பதால், சாதாரணப் படகைப் போல ஒருவர் எழுந்தவுடன் ஒரு பக்கம் சாயாது.

இதே நிதானத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. அசையாத தளத்தில் நிற்கிறோம் என்ற எண்ணம் வந்தவுடன் எல்லாரும் தண்ணீர் மேல் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அடிப்பாகம் கூம்பிய படகு சிறிது பாரம் மாறினாலும் உடனே சாய்ந்து காட்டும். நாமும் சுதாரித்து உட்கார்ந்துவிடுவோம். பான்டூன் அப்படிக் காட்டாது. ஒரு பக்கக் குழாய் முழுக்க மூழ்கும் வரை பொறுமையாகத் தாங்கும். மூழ்கிய பிறகு அந்தக் குழாயால் மேற்கொண்டு ஒரு கிலோகூடத் தாங்க முடியாது. அதற்குப் பின் நடப்பது வேகமாக நடந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். இருபது அடி நீளம், இரண்டடி விட்டம் உள்ள குழாய் ஒன்றின் கொள்ளளவு சுமார் 1,780 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கினால் ஒரு கிலோ பாரம் மிதக்கும். இரண்டு குழாய்களும் முழுக்க மூழ்கினால் சுமார் 3,560 கிலோ. பாதி மூழ்கினால் 1,780 கிலோ. குழாய் பாதிக்கு மேல் மூழ்காமல் ஓட்டுவதுதான் நல்ல வழக்கம். படகும் என்ஜினும் சேர்ந்து ஆயிரம் கிலோ, பதினொரு பேர் எழுநூறு கிலோ என்று வைத்தால், பெட்ரோலையும் சாப்பாட்டுக் கூடைகளையும் ஏற்றும்போதே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறீர்கள். அதனால் இருபது அடிப் படகு உங்களுக்குப் போதாது; இருபத்திரண்டு அல்லது இருபத்து நான்கு அடிப் படகாகக் கேட்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் பெரும்பாலும் ஒரு தகடு பதித்திருப்பார்கள். அதில் எத்தனை பேர், எத்தனை எடை என்று இருக்கும். கைக்குழந்தையும் அந்தத் தலைக்கணக்கில் ஒன்றுதான்.

எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைவிட எங்கே உட்கார்கிறார்கள் என்பதையே நான் அதிகம் பார்ப்பேன். யாரோ ஒருவர் "அதோ பார், கழுகு!" என்றதும் அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடினால், மேலே சொன்ன எழுநூறு கிலோவும் ஒரு குழாயின் மேல் போய் உட்கார்ந்துவிடும். புகைப்படம் எடுக்க எல்லாரும் முன்பக்கம் கூடினாலும் இதே கதைதான். பெரியவர்களை நடுவிலும் பின்பாதியிலும் பரவலாக உட்கார வையுங்கள்.

முன்பக்கக் கதவைப் பற்றி மாப்பிள்ளையிடம் தனியாகவே சொல்லுங்கள். தடுப்புக்கு வெளியே, படகின் மூக்கில் இரண்டடிப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிடப் பிள்ளைகள் நிச்சயம் ஆசைப்படுவார்கள். படகு ஓடும்போது அங்கிருந்து விழுந்தால், விழுந்தவர் பக்கவாட்டில் ஒதுங்க வழியில்லை. இரண்டு குழாய்களுக்கும் நடுவே போய், படகின் முழு நீளமும் அவர் மேலே கடந்து, நேராகப் பின்னால் சுழலும் விசிறிக்கு வந்துவிடுவார். இதற்கு ஆகும் நேரம் சில நொடிகள். என்ஜினை அணைக்கக்கூடக் கை எட்டாது. ஆகவே என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க அந்தக் கதவு பூட்டியே இருக்கவேண்டும். பேரன் அழுதாலும் சரி, இதில் மட்டும் இளகாதீர்கள்.

அடுத்தது அலை. பெரிய விசைப்படகு ஒன்று அருகே பாய்ந்து போனால் அதன் அலை உங்களை நோக்கி வரும். புதிதாக ஓட்டுபவர் பயந்துபோய் வேகத்தைச் சட்டென்று குறைத்துவிடுவார். அப்போது படகின் மூக்கு கீழே இறங்கும். அந்த நேரம் பார்த்து அலை தளத்தின் மேல் ஏறி முன்வரிசையை நனைத்து, எடையைக் கூட்டி, மூக்கை இன்னும் அழுத்தும். அலையைத் தூரத்தில் கண்டபோதே படிப்படியாக வேகத்தைக் குறைத்து, முன்னால் இருப்பவர்களைப் பின்னுக்கு அழைத்து, அலையைச் சற்றுச் சாய்வாக வாங்கவேண்டும்.

காற்றும் இதற்கு ஆகாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் ஆடி மாதம் மதகுப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு, திறந்த நீர்ப்பரப்பில் காற்று எப்படி அலை எழுப்பும் என்று தெரியும். பான்டூனுக்கு நீருக்குள் ஆழம் மிகக் குறைவு, நீருக்கு மேலே தடுப்பும் கூரையுமாகப் பரப்பு அதிகம். பாய் விரித்தாற்போல் காற்று அதைத் தள்ளும். துறையில் கட்ட வரும்போது பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகும். காற்றுக்கு எதிர்முகமாக மெதுவாக வந்து கட்டச் சொல்லுங்கள். காற்று வலுத்தால் துணிக் கூரையை மடக்கிவிடவேண்டும். இடி கேட்டால் யோசிக்கவே வேண்டாம், அருகில் உள்ள கரை எதுவோ அங்கே போய்விடுங்கள். நங்கூரம் போட்டு நின்று சாப்பிடுவதானால் கயிற்றை மூக்கில் கட்டவேண்டும். பின்பக்கம் என்ஜின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அங்கே கட்டினால் அலை உள்ளே ஏறும்.

குளிக்க இறங்கும் ஏணி பெரும்பாலும் பின்பக்கம், விசிறிக்குப் பக்கத்திலேயே இருக்கும். என்ஜினை முழுக்க அணைத்து, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகே ஒருவர் இறங்கவேண்டும். கியரை விடுவித்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பலகையில் யாரும் உட்காரவும் வேண்டாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, தலைவலியும் தலைசுற்றலும்தான் முதல் அடையாளம். என்ஜினோடு சுருள் கயிறு ஒன்று வரும். அதன் ஒரு முனையை ஓட்டுபவர் தன் உடுப்பில் மாட்டிக்கொண்டால், அவர் தவறி விழுந்த கணமே கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். மாட்டச் சோம்பல்படுபவர்களே அதிகம். மாப்பிள்ளை மாட்டியிருக்கிறாரா என்று நீங்களே எழுந்து போய்ப் பாருங்கள்.

மினசோட்டாச் சட்டப்படி, ஓடும் படகின் திறந்த தளத்தில் இருக்கும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவேண்டும். பெரியவர்களுக்கு அங்கி படகில் இருந்தால் போதும். உங்களுக்கு அது போதாது. நீச்சல் தெரியாத நீங்கள் துறையிலேயே மாட்டி, திரும்பி வந்து துறையில் கழற்றுங்கள். சேலையின் மேலேயே மாட்டலாம், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டால் சரி. சுடிதார் இன்னும் வசதி.

சில்லறை விஷயங்கள்: பல வாடகைப் படகுகளில் கழிப்பறை கிடையாது, சர்க்கரை நோயாளிகள் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கரை ஒதுங்கத் திட்டமிடுங்கள். வெயிலில் தளமும் உலோகக் கம்பியும் சுடும். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினால், பரிமாற யாரும் நடக்க வேண்டியிருக்காது.

கேள்வி: ஒகேனக்கல்லில் இன்னும் பரிசல்தான் ஓடுகிறது. பான்டூன் அவ்வளவு பாதுகாப்பு என்றால் அதை இங்கே ஏன் விடுவதில்லை?
*ஒரு வாசகர், பென்னாகரம்*

பதில்: ஓடும் ஆறு வேறு, நிற்கும் ஏரி வேறு தம்பி. ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு இடையே நீர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பரிசல் வட்டமாக இருப்பதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் சுழன்று, பாறையில் பட்டாலும் வழுக்கி நழுவும். ஆட்கள் அடியிலேயே உட்காருவதால் பாரம் தாழ்வாக நிற்கும். அந்த இடத்தில் இருபதடி நீளப் படகு பாறை இடுக்கில் குறுக்காக மாட்டிக்கொண்டால், பின்னால் வரும் நீர் முழுவதும் அதன் மேல் மோதி அப்படியே புரட்டிவிடும். நீர்வரத்து கூடும்போது பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள் அல்லவா? அந்த ஆற்றுக்குப் பரிசலும், அதைத் தலைமுறையாகக் கையாளும் ஓட்டிகளின் துடுப்பும்தான் சரி.

மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் தேங்கி நிற்கும் உங்கள் நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் நிலைமை வேறு. அங்கே அகன்ற நீர்ப்பரப்பு இருக்கிறது. சேலம் மாவட்டக் கரைக்குப் படகில் மக்கள் போய்வருகிறார்கள். மிதவைப் படகு அங்கே பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் 120 அடி வரை ஏறி இறங்கும் அணை அது. நீர் வடியும்போது பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெளியே தெரியும் நாட்களைவிட, தலைக்கு மேல் ஓரடித் தண்ணீரோடு மறைந்து நிற்கும் நாட்கள்தான் படகுக்காரனுக்குக் கெட்ட நாட்கள். அலுமினியக் குழாய் கல்லில் உரசினால் தகரம்போல் கிழிந்துவிடும். நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைத் துறையும், ஆழமான தடத்தைக் காட்டும் மிதவை அடையாளங்களும் முதலில் வரவேண்டும். படகு அதற்கு அப்புறம்.

கேள்வி: ஓசூர் அருகே எங்கள் தோட்டத்தை ஒட்டி ஏரி இருக்கிறது. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி, மேலே பிளைவுட் போட்டு, ஒரு சிறிய என்ஜினும் வைத்தால் விருந்தினர்களை ஏற்றலாமா?
*ஒரு வாசகர், ஓசூர்*

பதில்: வேண்டாம். மீன் பிடிக்க ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடுவதற்கு அது சரி; காசு வாங்கிக்கொண்டோ வாங்காமலோ குடும்பங்களை ஏற்ற அது உதவாது. இருநூறு லிட்டர் டிரம் ஒன்று முழுக்க மூழ்கினால் சுமார் இருநூறு கிலோ தாங்கும், அதில் பாதியைத்தான் நாம் நம்பலாம். அந்தக் கணக்குச் சரியாக வந்தாலும் இணைப்புகள் நிற்காது. என்ஜின் அதிர்வில் கயிறும் கம்பியும் நாளுக்கு நாள் தளரும். வெயில் பட்டுப் பிளாஸ்டிக் வெளிறி, மூடியின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழும். ஒரு டிரம்மில் நீர் புகுந்தது மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. சாதாரணப் பிளைவுட் இரண்டு மழைக்காலத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

சட்டமும் இருக்கிறது. 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, உள்நாட்டு நீரில் என்ஜினால் ஓடும் படகுக்குத் தகுதி ஆய்வும் பதிவும் காப்பீடும் வேண்டும். ஓட்டுபவருக்கும் சான்று வேண்டும். ஏரி உங்கள் தோட்டத்தை ஒட்டியிருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. அது நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளதா, ஊராட்சியின் பொறுப்பில் உள்ளதா என்று பார்த்து அனுமதி கேளுங்கள். ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி என்றால் அதுவும் ஒரு தடை. விசிறியில் அதன் வேர் சுற்றி நடு ஏரியில் என்ஜின் நின்றுவிடும்.

விருந்தினர்களை மகிழ்விக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசைதான். கரையில் உறுதியான மிதவைத் துறை ஒன்றை முறையாகக் கட்டுங்கள். உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடவே பிள்ளைகளுக்குப் பொழுது போதாது.

கேள்வி: இரண்டு அடுக்கு உள்ள சுற்றுலாப் படகில் மேல் தளத்தில் உட்காரலாமா? விடுமுறையில் கேரளம் போகிறோம்.
*ஒரு வாசகி, பாலக்கோடு*

பதில்: மேல் தளத்தில் ஏறும் ஒவ்வொருவரும் படகின் பாரத்தை உயரத்துக்குக் கொண்டு போகிறார்கள். உயரத்தில் இருக்கும் பாரம் சாய்வைப் பெருக்கும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் செய்திகள் வந்தன. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். அந்தப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். செத்தவர்களில் பலர் குழந்தைகள். கேரளத்தில் படகு கட்டிப் பிழைத்தவன் என்பதால் இந்த இரண்டு தேதிகளும் எனக்கு மறப்பதில்லை.

கீழ்த்தளத்தில், வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கும் பலகையைப் படியுங்கள், தலையை எண்ணுங்கள். கூடுதலாக இருந்தால் டிக்கெட் காசு போனாலும் இறங்கிவிடுங்கள். அங்கி தராத படகில் ஏறவே ஏறாதீர்கள்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு உயிர்காப்பு அங்கி வாங்கவேண்டும். கடையில் எதைப் பார்த்து வாங்குவது?
*ஒரு வாசகர், ஊத்தங்கரை*

பதில்: வயதைச் சொல்லி வாங்காதீர்கள், எடையைச் சொல்லி வாங்குங்கள். அங்கியின் உட்பக்கச் சீட்டில் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை என்று அச்சிட்டிருக்கும். "அடுத்த வருடத்துக்கும் ஆகும்" என்று தொளதொளவென வாங்கினால் இந்த வருடமே ஆகாது. மாட்டி, கொக்கிகளைப் போட்டு, தோள் பக்கம் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது. சிறு பிள்ளைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் பட்டை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மட்டும் மேலே மிதக்க, பிள்ளை கீழே நழுவிவிடுவான். கழுத்துக்குப் பின்னால் மெத்தைபோல் ஒரு மடல் இருக்கட்டும், அது தலையை நீருக்கு மேல் தாங்கும். அங்கியின் மிதக்கும் திறனை நியூட்டன் என்ற அளவில் குறித்திருப்பார்கள். 50 என்று குறித்த அங்கி நீச்சல் தெரிந்தவர்களுக்கு. உங்கள் மகனுக்கு 100 என்று குறித்ததாகப் பாருங்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளும் நீச்சல் வளையங்களும் விளையாட்டுச் சாமான்கள், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வாங்கி வந்ததும் பம்புசெட் தொட்டியில் நீங்களும் அவனோடு இறங்கி, அங்கியை மாட்டி மல்லாக்க மிதக்க விட்டுப் பாருங்கள். வாய் நீருக்கு மேல் நன்றாக நிற்கிறதா, இடுக்குப் பட்டை உறுத்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். முதல் தடவை அழுவான். இரண்டு மூன்று நாள் பழகினால், படகில் மாட்டும்போது கழற்றச் சொல்லி அடம் பிடிக்க மாட்டான். ஊறிய அங்கியை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் கிடந்தால் துணியும் தையலும் சீக்கிரம் இற்றுப்போகும்.